சித்தி இறங்கிப் போன கார்

இன்று உப்பல் சிக்னலில் பக்கத்துக் காரிலிருந்து பிரேக் தீய்ந்த வாசனை வந்தது. தனியாகச் சிரித்துவிட்டேன்.

எனக்கு ஒன்பது வயதில் அப்பா வாங்கிய பழைய கார் பெட்ரோலைத் தண்ணீராகக் குடித்தது. வேறு பெட்ரோல் பங்கில் போட்டுப் பார்த்தார், பிளக்கை மாற்றினார், டயருக்குக் காற்றடித்தார். ஒன்றும் சரிவரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்களோடு கோயிலுக்குப் போகக் காரில் ஏறிய பருமனான சித்தியிடம், "வெயிட் குறைஞ்சா மைலேஜ் வரும்போல" என்று சொல்லிவிட்டார்.

சித்தியின் முகம் சுருங்கியது. செகந்திராபாத்திலேயே வளர்ந்தவள்; வேண்டாம் என்பதற்கு அந்த ஊர் 'நக்கோ'தான் வாயில் வரும். "நக்கோ அத்தான், நான் பஸ்லயே போயிக்கறேன்" என்று இறங்கிப் போனாள்.

அவள் இல்லாமல் ஒரு வாரம் ஓட்டியும் மைலேஜ் ஏறவில்லை. அந்த வாரக் கடைசியில் வீட்டில் இறங்கியதும், ஏதோ தீய்ந்த வாசனைக்கு அம்மா மூக்கைச் சுளித்தாள். சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு வந்தவள் கடைசிச் சக்கரத்தில் கையை உதறினாள். "இது மட்டும் தோசைக்கல்லாட்டம் கொதிக்குதுங்க!"

மெக்கானிக் கழற்றிப் பார்த்தார். அந்தச் சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்தபடியே இருந்திருக்கிறது.

அதைச் சரிசெய்த கையோடு அப்பா எங்களையும் கூட்டிக்கொண்டு நாச்சாரம் போய் சித்தி வீட்டு வாசலில் நின்றார். "கோளாறு பிரேக்குலம்மா. நான்தான் வாயை விட்டுட்டேன், மன்னிச்சுக்க."

சித்தி வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். நானும் அம்மாவும் பின்னால் ஏறினோம்.

"டேங்க் பண்டு ஏரிக்கரைக்குப் போங்க அத்தான்" என்றாள். "சுத்து வழியா!"