லைனில் கிடந்த கல்

காலை ஐந்து நாற்பது. தண்ணீர் லாரிக்காகத் தெருவில் வரிசையாக வைத்திருந்த பிளாஸ்டிக் குடங்களுக்கு நடுவே, என் குடத்துக்கு முன்னால், ஒரு செங்கல் இருந்தது.

எழுபதுகளின் கடைசியில் சிம்மக்கல்லில் நாங்கள் குடியிருந்த பத்து வீடுகளுக்கு ‘லைன்’ என்று பெயர். தண்ணீர்க் குழாயும் லைன், அதன் முன் நிற்பதும் லைன், தலைக்கு மேலே போன மின்கம்பியும் லைன்தான். குடம் திருட்டுப் போகும் என்பதால் இடம் பிடிக்க ஆளுக்கொரு கல்லை வைப்பார்கள். அடுத்தவர் கல்லை யாரும் தொடமாட்டார்கள்.

புதிதாகக் குடிவந்த செல்வத்துக்கு அது தெரியாது. அம்மாவின் கல்லைக் காலால் தள்ளிவிட்டுத் தன் குடத்தை வைத்தார். முந்தின நாளும் எங்களுக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை.

“அண்ணே, இது என் லைனு. கல்லு கெடந்துச்சுல்ல?”

“கல்லா தண்ணி குடிக்கப் போகுது? தள்ளு தாயி.”

அம்மா அந்தக் கல்லையே எடுத்து அவர் நெற்றியில் அடித்தாள். ரத்தம் கண்ணை மறைக்க, அவர் பித்தளைக் குடத்தை ஓங்கி வீசினார். அம்மாவின் முன்பற்கள் இரண்டும் என் பாவாடையில் வந்து விழுந்தன. விலக்கிவிட வந்தவர்களும் அடித்துக்கொண்டார்கள். ஆறு மணிக்குக் குழாய் நின்றது. அன்று பத்து வீட்டிலும் தண்ணீர் இல்லை.

இன்று ஐந்து ஐம்பதுக்கே லாரி வந்துவிட்டது. செங்கல் வைத்தவர் இன்னும் வரவில்லை.