பேட்டரி ஸ்டேப்ளரும் கறுப்புக் கண்ணாடியும்

சுனாமி வந்து போன அடுத்த வருடம் எனக்கு மரக்காணத்தில் வேலை கிடைத்தது. களப்பணியாளர் என்று பெயர். வானூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பி.காம். முடித்துவிட்டு, வீட்டில் மாப்பிள்ளை பார்க்கும் பேச்சைக் காதில் வாங்காமல் உட்கார்ந்திருந்தவள் நான். கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்றதும் அந்தப் பேச்சு கொஞ்ச நாள் அடங்கியது. அந்த அட்டையைப் பஸ்ஸில்கூட நான் கழற்றியதில்லை. கண்டக்டர் பார்க்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்ப்பேன். அவர் பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில் கடற்கரைக்கு வந்த தொண்டு நிறுவனங்களுக்கு அளவே இல்லை. முதலில் வந்தவர்கள் சோறு போட்டார்கள். அடுத்து வந்தவர்கள் படகும் வலையும் கொடுத்தார்கள். அவர்களையெல்லாம் நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். கடைசியில் வந்தவர்களுக்குக் கொடுக்க எதுவும் மிச்சமில்லை. எங்கள் நிறுவனம் கடைசியில் வந்தது. அதனால் பயிற்சி கொடுத்தது.

குப்பத்துப் பெண்களுக்கு மெழுகுவத்தி, சோப்பு, ஊறுகாய் எல்லாவற்றையும் வேறு ஆட்கள் கற்றுக்கொடுத்து முடித்திருந்தார்கள். ஆகவே நாங்கள் உப்பளத்தில் கூலி வேலை செய்யும் பெண்களைப் பிடித்தோம். அவர்கள் குஷன் வைத்த நாற்காலி செய்யக் கற்றுக்கொள்வார்கள், பாண்டிச்சேரி ஓட்டல்கள் அதை வாங்கிக்கொள்ளும் என்பது திட்டம். எந்த ஓட்டல் என்று கேட்டால், "மார்க்கெட்டிங் செகண்ட் ஃபேஸ்லம்மா" என்பார் எங்கள் மேலாளர். நாங்கள் அவரைச் சார் என்று கூப்பிடுவோம். சென்னைக்காரர். சட்டையெல்லாம் பாக்கெட், எந்த வெயிலிலும் ஷூ. கெட்டவர் இல்லை. வெளிநாட்டில் ஒரு வாரம் பாதுகாப்புப் பயிற்சி எடுத்துவிட்டு வந்திருந்தார். அந்த ஒரு வாரம் அவர் உடம்பை விட்டு இறங்கவே இல்லை.

நன்கொடையாளர்கள் கப்பலில் அனுப்பிய மரப்பெட்டி வந்து சேர்வதற்குள் வருடம் திரும்பிவிட்டது. அதற்குள் சுனாமித் தண்ணீரில் கரைந்த வரப்புகளைக் கட்டி, பாத்திகளைச் சீர் செய்து, உப்பளமும் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. வேலை போனவர்களுக்கான பயிற்சி, வேலை திரும்பக் கிடைத்தவர்களைத் தேடிப் போனது. விடிவதற்கு முன் போய் உப்பு வாரிவிட்டு, வெயில் ஏறியதும் காலைக் கழுவிக்கொண்டு அவர்கள் எங்கள் தகரக் கொட்டகைக்கு வந்தார்கள். நாற்காலி மேல் ஆசைப்பட்டு வந்ததாக நான் நம்பவில்லை. மதியச் சாப்பாட்டில் முட்டை உண்டு.

பெட்டியில் இருந்தது பேட்டரியில் ஓடும் ஸ்டேப்ளர். ஆபீசில் தாள் குத்தும் சமாச்சாரம் இல்லை. துளை போடும் மிஷின் மாதிரி கைப்பிடி, அடியில் பேட்டரி, ஒயர் கிடையாது. விசையை அழுத்தினால் விரல் நகம் அகலத்துக்கு ஒரு பின் 'டக்'கென்று துணியோடு மரத்துக்குள் இறங்கிவிடும். கூடவே கையுறையும் கண்ணாடியும் வந்திருந்தன.

முதல் நாள் மிஷினை யாரும் தொடவில்லை. சார் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார்.

"ஆள் பக்கம் நீட்டக் கூடாது, விளையாட்டுக்குக்கூட. அடிக்கிற நேரம் தவிர விசை மேல விரல் இருக்கக் கூடாது. இன்னொரு கை அடிக்கிற இடத்துக்குப் பக்கத்துலயோ மரத்துக்குப் பின்னாலயோ இருக்கக் கூடாது. பின் சிக்கிக்கிச்சுன்னா முதல்ல பேட்டரியைக் கழட்டணும், அப்புறம்தான் கையை வைக்கணும். பின் பட்டையை உருவிட்டா காலின்னு நம்பிடாதீங்க. மிஷின் வாயில ஒண்ணு தங்கியிருக்கும்."

எல்லாமே நல்ல விதிகள். இன்றைக்கும் அந்த மிஷினை யாராவது வைத்திருந்தால் நானும் இதைத்தான் சொல்வேன். சார் இவற்றைத் திரும்பத் திரும்பச் சொல்லி, பெண்களையும் சேர்ந்து சொல்லவைத்தார். அவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி ராகம் போட்டுச் சொன்னார்கள்.

மறுநாள் வம்பு கண்ணாடியில் வந்தது. வந்திருந்தவை அத்தனையும் கறுப்புக் கண்ணாடி. 'வெயிலில் செய்யும் வேலைக்கு' என்று ஆங்கிலத்தில் பெட்டியிலேயே அச்சடித்திருந்தது. எங்கள் கொட்டகையிலோ ஜன்னல் இல்லை. கரண்ட் பாதி நேரம் இருக்காது. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளே நின்றால் சினிமாக் கொட்டகைக்குள் படம் ஆரம்பித்த பிறகு நுழைந்த மாதிரி இருக்கும்.

"சார், இது வெளியில போடுறது மாதிரி இருக்கு" என்றேன் மெதுவாக.

"கண்ணாடி இல்லாம மிஷினைத் தொடக் கூடாதும்மா. ரூல்."

பெண்களில் ஒரு அக்கா இருந்தார். நாற்பதைத் தாண்டியவர், வாய் நீளம், உப்பளத்தில் மேஸ்திரியே அவரிடம் யோசித்துத்தான் பேசுவாராம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மிஷினைக் கையில் வாங்கி, நாற்காலிச் சட்டத்தைத் தடவினார்.

"இன்னா சார் இது, என் கையே எனக்குத் தெர்ல. எங்க அடிக்கறது?"

"பழகிடும். கண்ணு முக்கியம் இல்லையா?"

"கண்ணுக்குச் சரி சார். வெரலுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. அன்றைக்குப் பின்கள் மரத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் இறங்கின. ஒரு பெண் சாப்பாட்டு மணிக்கு எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது. முந்தானையைச் சட்டத்தோடு சேர்த்து அடித்திருந்தாள். யாருக்கும் விரல் போகாதது தெய்வச் செயல். சார் அதைக் கண்ணாடி அணிந்ததன் பலன் என்றார்.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒருநாள் காலையில் ஜீப் உப்பளத்தை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. சார் திடீரென்று, "நிறுத்துப்பா, நிறுத்து" என்று கத்தினார். பாத்தியில் வரிசையாக நின்று பெண்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முகத்திலும் எங்கள் கறுப்புக் கண்ணாடி.

உப்பளத்தை வெயில் நேரத்தில் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே வெயில் மேலேயிருந்து மட்டும் வருவதில்லை. வெள்ளை உப்பிலும் தேங்கிய தண்ணீரிலும் பட்டுக் கீழேயிருந்தும் வந்து கண்ணில் குத்தும். குனிந்து வேலை செய்கிறவர்கள் அதற்குள்ளேயே முகத்தை வைத்திருப்பார்கள். அந்த அக்காவுக்கு அந்த வயதிலேயே சாயங்காலமானால் எதிரில் வருவது யாரென்று குரலை வைத்துத்தான் தெரியும்.

சார் ஷூவோடு வரப்பில் இறங்கினார்.

"யாரைக் கேட்டு எடுத்துட்டு வந்தீங்க? ஸ்டேப்ளர் வேலைக்குன்னு குடுத்தது. உப்பளத்துக்கு இல்ல."

அக்கா உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். "கண்ணுக்குன்னுதானே சார் குடுத்தீங்க? அந்தக் கண்ணைத்தான் இங்கயும் எடுத்துக்கினு வந்திருக்கோம்."

"உப்புத் தண்ணி பட்டா லென்ஸ் வீணாயிடும். தெரியுமா?"

"லென்ஸ் வீணாயிடுமா?" என்றார் அக்கா. பக்கத்துப் பாத்தியைப் பார்த்து, "ஏய், கேட்டுக்குனீங்களாடி? உப்புல நின்னா லென்ஸ் வீணாயிடுமாம். சார் சொல்றாரு" என்றார். அவருடைய பாதங்கள் கணுக்கால் வரை தண்ணீரில் இருந்தன. வெடித்த தோல் வெள்ளையாக ஊறிக் கிடந்தது. சாருக்கு அது கண்ணில் பட்ட மாதிரி தெரியவில்லை. அவரும் கறுப்புக் கண்ணாடிதான் போட்டிருந்தார், சொந்தக் காசில் வாங்கியது.

கண்ணாடிகளைத் திரும்ப வாங்கும் வேலை எனக்கு. ஒரு பையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்தேன். ஒவ்வொருவராகக் கழற்றிப் போட்டார்கள். நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவர்களுக்கும் கழற்றியவுடன் கண் கூசியதால், என்னைப் பார்த்தார்களா என்று தெரியாது. பையை அலமாரியில் வைத்துச் சார் பூட்டினார். மறுநாள் கொட்டகையில் முட்டை மட்டும் வரிசையாக உட்கார்ந்திருந்தது. ஒருத்தரும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து நன்கொடை அனுப்பிய ஊரிலிருந்து ஒரு அம்மா பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. சாருக்கு வேர்த்துவிட்டது. பயிற்சி பெறுகிறவர்கள் இல்லாத பயிற்சியை எப்படிக் காட்டுவது? என்னைத் தூது அனுப்பினார். அக்கா வீட்டு வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"வர்றோம்மா. உன் மூஞ்சிக்காக வர்றோம். ஆனா கண்ணாடிய எங்க கையில குடுத்துடணும்."

"போட்டோ எடுக்கிற வரைக்கும்தான் அக்கா தருவாங்க."

"குடுக்கட்டும், பார்த்துக்கலாம்" என்றார் அக்கா.

அந்த அம்மா வந்தார். சிவந்த முகம், பருத்திச் சேலையைச் சுற்றிக்கொண்டு நடக்கத் தெரியாமல் நடந்தார், கழுத்தில் பெரிய கேமரா. பெண்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றார்கள். அவர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். எல்லோரும் மிஷினைத் தூக்கிக் கேமராப் பக்கம் பிடித்தபடி சிரிக்க வேண்டும். மற்றவர்கள் தூக்கினார்கள். அக்கா மட்டும் தரையைப் பார்த்தே பிடித்திருந்தார்.

"நீங்களும் தூக்குங்கம்மா" என்றார் சார்.

"ஆள் பக்கம் நீட்டக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"அது வேலை செய்யும்போது. இது போட்டோ."

"போட்டோ புடிக்கறதும் ஆளுதானே?"

தூக்கியிருந்தவர்களும் ஒவ்வொருவராக இறக்கினார்கள். அந்த அம்மா என்ன தகராறு என்று என்னைக் கேட்டார். நான் சொன்னேன். அவர் பாராட்டுகிற மாதிரி தலையாட்டினார். அதுதான் சாரைக் கிளப்பிவிட்டிருக்க வேண்டும். தன் வகுப்பு இவ்வளவு நன்றாகப் பலித்தது அவருக்குப் பொறுக்கவில்லை. அக்கா கையிலிருந்து மிஷினை வாங்கி, பின் பட்டையை உருவி எல்லோருக்கும் காட்டினார்.

"பாருங்க. காலி. ஒண்ணும் ஆகாது." மிஷின் வாயைத் தன் இடது உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

டக்.

சார் கத்தவில்லை. முகத்தில் பாதிச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. உள்ளங்கை நடுவில் பளபளவென்று ஒரு பின் உட்கார்ந்திருந்தது, இரண்டு காலும் சதைக்குள். அந்த அம்மாவின் விரல் பழக்கத்தில் கேமராவை அழுத்திவிட்டது. பிறகு, "ஓ, ஓ" என்று பதறினார். அக்கா முதல் வேலையாகக் கீழே விழுந்த மிஷினை எடுத்துப் பேட்டரியைக் கழற்றினார். அப்புறம் சாரின் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"நான் புடுங்கட்டுமா சார்? முள்ளு எடுக்கற மாதிரிதான்."

"வேணாம், வேணாம்" என்றார் சார். அவர் குரல் அவ்வளவு சின்னதாக நான் கேட்டதில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

ஜீப்பில் நானும் அவரும் பின் சீட்டில் உட்கார்ந்தோம். கையைக் கோயிலில் பிரசாதம் வாங்குகிற மாதிரி ஏந்திக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் இருந்தார்.

"என்ன சார் ஆச்சு?"

"ஆணி குத்திடுச்சு."

டாக்டர் கையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். "ரெண்டு ஆணி, நடுவுல பாலம் வேற கட்டியிருக்கு. என்ன வேலை பார்த்துட்டிருந்தீங்க?"

சார் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த போலியோ விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"சேஃப்டி ட்ரெய்னிங்" என்றார்.

டாக்டர் சட்டென்று திரும்பி நர்ஸிடம் இடுக்கி கேட்டார். முகத்தை மறுபடி எங்கள் பக்கம் திருப்ப அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பின்னை எடுத்துக் கழுவிக் கட்டுப் போட்டு, தடுப்பூசி குத்தி அனுப்பினார்கள். எலும்பில் படவில்லை. நல்ல வேளை என்று மனதாரத்தான் நினைத்தேன். சிரிப்பும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

நாங்கள் கொட்டகைக்குத் திரும்பியபோது பெண்கள் போய்விட்டிருந்தார்கள். மிஷின்களை வரிசையாக மேஜைமேல் அடுக்கி, பேட்டரிகளைத் தனியாகக் கழற்றி வைத்திருந்தார்கள். கையுறைகளும் மடித்து இருந்தன. கண்ணாடி ஒன்றுகூட இல்லை. சார் காலி அலமாரியைப் பார்த்தார், கையைப் பார்த்தார், அலமாரியைச் சாத்தினார். அதன் பிறகு ஜீப் உப்பளத்தைக் கடக்கும்போதெல்லாம் அவருக்கு எதிர்ப்பக்கத்துச் சவுக்குத் தோப்பில் ஏதோ முக்கியமான வேலை வந்துவிடும்.

பயிற்சி வெற்றிகரமாக முடிந்ததாக அறிவித்து, மிஷின்களைப் பெட்டியில் கட்டி, தெற்கே வேறொரு கடற்கரைக்கு அனுப்பினார்கள். அங்கே யாருக்கு நாற்காலி கற்றுக்கொடுத்தார்களோ, தெரியாது. என் வேலையும் அதோடு முடிந்தது. அட்டையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். வீட்டில் மறுபடி மாப்பிள்ளை பேச்சு ஆரம்பமானது.

நாங்கள் மொத்தமாகச் செய்து முடித்த நாற்காலிகளை ஒரு கையில் எண்ணிவிடலாம். எந்த ஓட்டலும் வாங்கவில்லை. ஒன்றை உப்பளத்துக் கணக்குப்பிள்ளை எடைபோடும் கொட்டகைக்கு ஓசியில் வாங்கிக்கொண்டு போனார். சில மாதம் கழித்து மரக்காணம் பஸ் நிறுத்தத்தில் அக்காவைப் பார்த்தபோது அதைப் பற்றித்தான் முதலில் கேட்டேன்.

"ஏன் கேக்கற போ. அதுல ஒரு பின்னு சரியா எறங்காம தூக்கிக்கினு நிக்குது. அந்தாளு வேட்டி எத்தினியோ வாட்டி கிழிஞ்சுபோச்சு."

"சுத்தியால ஒரு தட்டுத் தட்டினா போச்சே அக்கா?"

"தட்டலாம்தான். அவரு தட்டமாட்டாரு. ஒக்கார்றதுக்கு முன்னாடி ஒரு வாட்டி கையால தடவிப் பார்த்துக்கினு, ஓரமா ஒக்கார்றாரு. கேட்டா, ஜாக்கிரதையா இருக்கணுமாம்."