கழுத்துக்குக் கீழே கம்பீரம்

ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன் போடுகிறவர்களுக்கு மனிதர்கள் கழுத்துக்கு மேலே மட்டும் வந்தால் போதும். கழுத்துக்குக் கீழே எங்களிடமே ஸ்டாக் இருக்கிறது. என்னைப் போல மவுஸோடு மாரடிக்கும் தோழர்களே, சிரிக்காதீர்கள். உங்கள் கம்ப்யூட்டரிலும் அதே ஃபோல்டர்தான்.

ராஜா உடம்பு

அஸ்தம்பட்டியில் எங்கள் கடை. யார் வந்தாலும் தலையை வெட்டி, சிம்மாசனத்து ராஜா உடம்பில் ஒட்டி, மேலே ‘கம்பீரமே!’ என்று போட்டுவிடுவேன். ஒரு காதுகுத்துக் குழந்தைக்கு அப்படி ஒட்டியதில் உடைவாளோடு மார்பு முடியும் வந்துவிட்டது. தாய்மாமன் கோபப்படவே இல்லை. “ஏனுங்க, பையனுக்கு ஒரு வயசு. சவரம் பண்ணிக் குடுங்க, எடுத்துட்டுப் போறேன்” என்றார்.

டீச்சர் கேட்டது

பங்குச் சாமியாரின் வெள்ளிவிழா பேனருக்காக வந்த மரியா டீச்சர், நான் கிரீடம் வைத்துப் போட்டிருந்த டிசைனைப் பார்த்து, “கம்பீரம்னா என்ன தம்பி?” என்றார். இருபது வருஷமாகப் போடுகிற வார்த்தை. “மீசை, கிரீடம்... அந்த மாதிரி” என்று உளறினேன்.

“வடமொழியில அதுக்கு ஆழம்னு அர்த்தம். ஆழமான தண்ணிக்கும் குரலுக்கும் சொன்னது, அப்புறம் ராஜாக்களுக்கும் வந்துச்சு. கிரீடத்தை எடுத்துருங்க, ஃபாதர் கோவிச்சுக்குவார்.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் மறுநாளே பழைய கதைதான்.

கூப்பிய கைகள்

நாமகிரிப்பேட்டையிலிருந்து செல்வி என்ற பெண், இறந்துபோன அப்பாவின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். போர்வெல் வண்டியில் வேலை பார்த்தவராம். கண்ணீர் அஞ்சலி பேனர். முகத்தை மட்டும் வெட்டி, கோட்டு போட்டுக் கைகூப்பி நிற்கும் உடம்பில் ஒட்டி, அச்சடித்தும் விட்டேன். மறுநாள் காலையில் காரியம். வாங்க வந்தவர், விரித்ததும் அந்தக் கைகளையே பார்த்தார்.

“அப்பாவுக்கு வலது கை இல்லீங்கண்ணா. வேலையில போயிருச்சு. ஒத்தக் கையில எங்க மூணு பேரையும் ஆளாக்குனாரு. இதைப் பார்த்தா, நாங்க வெக்கப்பட்டு மறைச்சோம்னு ஊரே நெனைக்காதுங்களா?”

வாட்ஸ்அப்பைத் திறந்தேன். சட்டையின் வலது கை வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. கழுத்துக்குக் கீழே நான் பார்த்திருக்கவே இல்லை. வெட்கத்தில் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவரை உட்காரவைத்து, கோட்டு உடம்பை அழித்து, வந்த படத்தையே முழுசாக வைத்தேன். மேலே வழக்கமான வார்த்தையைப் போடக் கூச்சமாக இருந்ததால் விட்டுவிட்டேன். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த செல்வி, கடைச் சுவரிலிருந்த பேனர்களைக் காட்டிக் கேட்டார்: “எல்லாருக்கும் கம்பீரம்னு போடுறீங்களே, எங்கப்பாவுக்குக் கெடையாதுங்களா?”

போட்டேன், அர்த்தம் தெரிந்து நான் போட்ட முதல் ‘கம்பீரம்’ அதுதான், ஆனால் ராஜா ஃபோல்டரை இன்னும் அழிக்கவில்லை, நாளைக்கு ஒரு காதுகுத்து இருக்கிறது.