சிவப்பு மைக்குக் கீழே ஒரு பாதை

நாற்பது வருஷம் போட்டோ பிடித்தவர் ஜனகராஜ். கல்யாணமும் காதுகுத்தும் வயிற்றுக்கு. விவசாயத் தொழிலாளர் சங்கம் கூப்பிட்டால் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அதற்கு ஒரு பைசா வாங்கியதில்லை. மதுரை கோச்சடை வீட்டுப் பரணில் அம்புட்டு நெகட்டிவும் பிஸ்கட் டின்களில் கிடந்தன.

புதன்கிழமை மதியம் ஜெயக்கொடி வந்து நின்றாள். பரவைக்குப் பக்கத்தில் அவள் தெரு, நாற்பத்திரண்டு வீடு. ரோட்டுக்குப் போகும் ஒரே பாதையைப் பிளாட் போடுகிறவன் சுவர் எழுப்பி அடைத்துவிட்டான். அங்கே பாதை என்று ஒன்று இருந்ததே இல்லை என்று சாதிக்கிறான். மறுநாள் காலை தாலுகா ஆபீசில் விசாரணை.

"அண்ணே, தொண்ணூத்தொண்ணுல கூலி கேட்டு அந்தப் பாதையிலதான் வரிசையா நின்னோம். நீங்கதான படம் பிடிச்சீங்க?"

"நோட்டீஸ்ல போட்ட படம். உங்கிட்ட இருக்கணுமே?"

"இருக்கு. ஆளுக தெரியுறோம். பின்னாடி ஒரே வெள்ளை. பாதை எங்கண்ணே?"

அந்த வெள்ளை ஜனகராஜின் கைவேலை. மலிவுத் தாளில் அச்சடித்தால் பின்னால் இருப்பதெல்லாம் அப்பிக்கொண்டு முகத்தைக் கெடுக்கும். அதனால் நெகட்டிவில் ஆளைச் சுற்றிச் சிவப்பு மை பூசுவார்கள். மை பட்ட இடம் பிரிண்டில் வெள்ளையாக விழும். தன்னைப் போல முடி பிசகாமல் பூச மதுரையில் ஆள் இல்லை என்று பீற்றிக்கொண்டவர் அவர்.

டின்னைத் திறந்தார். புளித்த காடி நாற்றம்; பிலிம் கெடத் தொடங்கியிருந்தது. சுருண்டு கிடந்தது.

"மையக் கழுவிருங்கண்ணே."

"மை மட்டுமா போகும்? படமே தோலா உரிஞ்சு வந்துரும்."

டவுன்ஹால் ரோட்டில் அவர் அக்கா மகன் ஹரிஷ்குமாரின் போட்டோக் கடைக்கு ஓடினார்கள். அவனிடம் இரண்டு ஸ்கேனர். ஒன்று கையகலப் பெட்டி; ஐந்து விநாடியில் தானே எல்லாம் முடிவுசெய்து படம் தரும். இன்னொன்று பெரியது, மூடியிலும் விளக்கு உண்டு, ஒரு படத்துக்கு இருபது நிமிஷம் இழுக்கும். அவன் சின்னதை எடுத்தான். பிலிமைச் சட்டத்தில் அழுத்தியதும் ஓரம் 'டிக்' என்று வெடித்தது.

"டேய்!"

"ஓரந்தான் மாமா. பாருங்க, எம்புட்டு க்ளீனா வந்துருக்கு!"

"க்ளீனா வந்து என்னத்துக்கு? பாதையக் காணோமே" என்றாள் ஜெயக்கொடி.

"வேணும்னா கம்ப்யூட்டர்ல ஒரு பாதைய வரைஞ்சு விட்டுரவாக்கா?"

"பிளாட்காரன் வாயில சக்கரை அள்ளிப் போடுற மாதிரியா? போலின்னு ஒரே வார்த்தையில முடிச்சிருவான்."

மணி ஐந்து. இன்னொரு தடவை அழுத்தினால் பிலிம் மிஞ்சாது. ஜனகராஜ் அதை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். சிவப்புத் திட்டு. டார்க்ரூம் ஞாபகம் வந்தது. அங்கே எரிந்ததும் சிவப்பு பல்புதான். அந்த வெளிச்சத்தில் பார்க்கும்போது மை பூசிய இடமும் பூசாத இடமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மைக்கு அடியில் இருப்பது பளிச்சென்று தெரியும். பிரிண்ட் போடும் போட்டோத் தாளுக்குத்தான் சிவப்பு உறைக்காது.

"பெரிய மிஷின்ல வை. கலர்ல எடு."

"கறுப்பு வெள்ளை பிலிமுக்குக் கலரா மாமா?"

"சொன்னதச் செய்யுடா. சட்டத்துல போடாத. ரெண்டு கண்ணாடி கொண்டா."

இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிலிமை வைத்து, ஒரு பக்கத்தை மெல்ல இறக்கினார். பிலிம் வெடிக்கவில்லை. விளக்கு அங்குலம் அங்குலமாக நகர்ந்தது.

"இப்ப பச்சையையும் நீலத்தையும் எடுத்துரு. சிவப்ப மட்டும் வை."

ஹரிஷ்குமார் மவுசைத் தட்டினான். வெள்ளை கலைந்தது. வண்டித் தடம் இரண்டு, புளியமரம், தூரத்தில் ரோட்டு மைல்கல்.

ஜெயக்கொடி திரையில் விரல் வைத்து, தன் தெருவிலிருந்து மைல்கல் வரை இழுத்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "மறைச்சது யாருன்னு கேப்பாய்ங்கண்ணே."

"கேக்கட்டும். வாரேன்."

மறுநாள் தாலுகா ஆபீசில் பழைய நோட்டீஸையும் புதுப் படத்தையும் பார்த்த பிளாட்காரனின் வக்கீல் அதைத்தான் முதலில் பிடித்தார். "இத்தனை வருஷம் படத்துல இல்லாத பாதை நேத்து எப்படிங்க முளைச்சது?"

ஜனகராஜ் எழுந்தார். "இருந்த பாதைய மறைச்சது நாந்தான் சார். முகம் நல்லா தெரியணும்னு மை பூசுனேன். தப்புதான்." கண்ணாடிகளோடு நூல் சுற்றியிருந்த நெகட்டிவை மேஜைமேல் வைத்தார்.

தாசில்தார் அதை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திங்கட்கிழமை இடத்துக்கே வருவதாகவும், அதுவரை அந்தச் சுவரில் ஒரு செங்கல்கூட ஏறக்கூடாது என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"மைல்கல்லு அங்கேயேதான் இருக்கு சார்" என்றாள் ஜெயக்கொடி.