எலி தின்றதும் எலி சிந்தியதும்

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு எலியக்கா என்று பேர். யார் வைத்ததோ, இருபத்திரண்டு வருஷமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. முனைவர் பட்டம் வாங்கியவளை இப்படியா கூப்பிடுவது என்று அவள் ஒருநாளும் கோபித்ததில்லை. அவளுக்கு இருந்த ஏக்கமே வேறு. ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றில் தன் பெயர் முதலாவதாக வர வேண்டும், ஒரே ஒரு தடவையாவது. அந்தத் தொழிலில் முதல் பெயருக்குத்தான் மரியாதை. மற்றவர்களெல்லாம் குழுப்படத்தின் பின்வரிசையில் எட்டிப் பார்க்கிற தலைகள்.

வயிறு நிறைந்துவிட்டது என்று குடல் மூளைக்குச் சொல்லி அனுப்பும் ஹார்மோன் ஒன்று உண்டு. அதை எலிகளுக்கு ஊசியாகப் போட்டால் பசி அடங்குமா என்பதுதான் ஆராய்ச்சி. தினமும் காலை எட்டு மணிக்கு அறுபது கூண்டுகளிலும் மிச்சமிருக்கும் தீனி வில்லைகளை அவள் எடை போடுவாள். நேற்று வைத்ததில் இன்று இருப்பதைக் கழித்தால், எலி தின்றது. காய்ச்சலோடும் போனாள். எலி கடித்துக் கையில் தையல் போட்டிருந்த வாரமும் போனாள்.

ஊசி போட்ட எலிகள், போடாதவற்றைவிடக் கால்வாசி குறைவாகத் தின்றன. துறைத் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. அவளுக்கு மட்டும் ஒன்று இடித்தது.

"தின்னது குறைஞ்சும் எலிங்க எடை குறையலையே சார்?"

அவர் இரண்டு நாள் யோசித்தார். தீனி குறைந்ததும் உடம்பு உஷாராகி, எரிப்பதையும் குறைத்துக்கொள்கிறது என்று ஒரு கோட்பாடே கட்டிவிட்டார். அடேயப்பா, அதற்கு எத்தனை மாநாடு, எத்தனை மேடை! கேள்வி கேட்டவள் பெயர் கட்டுரையில் உப்புக்குச் சப்பாணியாக ஐந்தாவது இடத்தில் நின்றது.

"அடுத்ததுல உங்க பேருதாம்மா முதல்ல" என்றார். பதினான்கு வருஷத்தில் ஒன்பது தடவை சொன்னார். ஒன்பது தடவையும் நம்பினாள். நம்பினார் கெடுவதில்லை என்பது எலி ஆராய்ச்சிக்குப் பொருந்தாது போலிருக்கிறது.

"அந்த ஆளு எலிக்குத்தான் ஊசி போடறார்னு நெனச்சேன், உனக்கும் போட்டுட்டார் போல" என்று அவள் கணவர் கிண்டலடிப்பார். அவளும் சிரித்துவைப்பாள்.

அப்புறம் ஒருநாள் கூண்டு கழுவுகிறவர் லீவு போட்டார். அடித்தட்டுகளை அவளே கொட்ட வேண்டியதாயிற்று. ஊசி போடாத எலிகளின் தட்டுகள் மட்டும் கனத்தன. ஏன்? மறுநாள் வீட்டிலிருந்து மாவுச் சல்லடையைக் கொண்டுபோய்ச் சலித்தாள். எலிகளுக்குப் பரப்பியிருந்த மரச்சீவல் மேலே நின்றது, தீனித்தூள் கீழே கொட்டியது. ஊசி போடாத எலிகள் வில்லைகளைக் கொறித்து உதிர்த்து விளையாடியிருந்தன. ஊசி போட்டவை மந்தமாகக் கிடந்ததால் சிந்தவில்லை. சிந்தியதைக் கழித்தால் இரண்டும் தின்றது ஒரே அளவுதான். பிறகு எடை எப்படிக் குறையும்? பாவி, குறைந்த தீனியையெல்லாம் தின்றதாக எழுதியது அவள் கைதானே! கூண்டுகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

ஆறு வாரம் அறுபது கூண்டையும் சலித்துவிட்டுத் தலைவரிடம் போனாள்.

"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?" இதுதான் அவருடைய முதல் கேள்வி.

"இல்ல சார்."

"அப்ப விட்டுடுங்க. எலின்னா சிந்தத்தான் செய்யும்."

"நம்ம முடிவே அந்தச் சிந்தல்தான் சார். இதை நம்பி மனுஷங்களுக்கும் ஊசி போட ஆரம்பிச்சிட்டாங்க."

"பதினாலு வருஷமா எடை போட்டது யாரு, நானா?"

அவள் எழுந்து வெளியே வந்தாள். அன்று சாயங்காலமே, கட்டுரையை வெளியிட்ட ஆராய்ச்சிப் பத்திரிகையின் ஆசிரியருக்கு எழுதிவிட்டாள். "சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கறியேடி!" என்று கணவர் தலையில் அடித்துக்கொண்டார்.

பத்திரிகை விளக்கம் கேட்டதும் தலைவர் ஒரே நாளில் மகானாகிவிட்டார். கட்டுரையைத் திரும்பப் பெறும் அறிவிப்பைத் தாமே எழுதினார். எடை எடுத்தவரின் கவனக்குறைவே காரணம் என்றும் எழுதினார். கீழே பெயர்களின் வரிசையை மாற்றி, முதலில் நின்ற தாம் அவளுடைய ஐந்தாவது இடத்துக்கு அடக்கமாக நகர்ந்துகொண்டார். இப்போது தவறை ஒப்புக்கொள்ளும் துணிவைப் பற்றி மேடை மேடையாகப் பேசுகிறாராம். வெட்கங்கெட்ட மனுஷன்!

அடுத்த வாரம் தங்கை போன் பண்ணினாள்.

"அக்கா! உன் பேரைப் போட்டுத் தேடினேன், உன் பேருதான் முதல்ல நிக்குது! எத்தனை வருஷ ஆசை உனக்கு!"

"என்ன எழுதியிருக்குன்னு படிச்சியாடி?"

"உன் சயின்ஸ் எனக்கு எங்கக்கா புரியும்? அம்மாவுக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. பிரிண்ட் எடுத்து, கண்ணாடி போட்டு ஹால்ல மாட்டணுமாம்."



"மாட்டட்டும்டி" என்றாள். "பெருசாவே மாட்டட்டும்."