தொட்டாச்சு போடும் மார்க்

குறி அட்டையில் குண்டு துளைத்த ஓட்டைக்குள் பித்தளைக் குச்சியைச் செருகி, ஒரு கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "தொட்டாச்சு!" என்று கூவுகிறார். குச்சியின் விளிம்பு உள்வட்டத்துக் கோட்டைத் தொட்டால் ஒரு மார்க் கூட. தொடாவிட்டால் வெளிவட்டத்து மார்க்தான். காவல் துறையின் துப்பாக்கிப் பயிற்சித் திடலில், குறி பார்த்துச் சுடுகிறவர் யார், காக்காய் விரட்டுகிறவர் யார் என்று வருடாவருடம் தரம் பிரிப்பது இவர் வேலை. கூவிக் கூவி அதுவே இவருக்குப் பெயராகிவிட்டது.

சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். குச்சிதான் ஆளுக்கு ஆள் மாறும். சாதாரணக் காவலருக்கு விறைப்பாக நிற்கும். அதிகாரி என்றால் முதுகு வளைந்து, மரியாதையாக உள்பக்கம் சாயும்.

இந்த வருடம் பெரிய அதிகாரி பத்துக் குண்டு சுட்டார். அட்டையில் நான்கு ஓட்டை. மீதி போன இடம் பின்னாலிருக்கும் மண்மேட்டுக்குத்தான் வெளிச்சம். தொட்டாச்சு அசரவில்லை.

"ஐயா, மிச்ச ஆறும் ஒரே ஓட்டையில பூந்து போயிருக்கு! இப்படி ஒருத்தர் சுட்டு நான் பார்த்ததே இல்லை."

அது மட்டும் உண்மை. யாருமே பார்த்ததில்லை. தொண்ணூற்றாறு மார்க், முதல் தரம்.

அடுத்த அட்டை தொட்டாச்சுவின் அக்கா மகளுடையது. எழுபது எடுத்தால் தேர்ச்சி. இல்லாவிட்டால் ஆயுதப் பிரிவிலிருந்து கழற்றி, தபால் பிரிக்கிற மேசையில் உட்கார வைத்துவிடுவார்கள். பத்துக் குண்டும் ஒரே கொத்தாக விழுந்திருந்தன, நடுவைவிட்டுக் கொஞ்சம் இடப்பக்கமாக. ஒன்பது குண்டு, ஏழு மார்க் வட்டத்துக்குள். பத்தாவது அந்த வட்டத்தின் கோட்டிலேயே உட்கார்ந்திருந்தது. குச்சி நட்ட கம்பாக நின்றது.

"தொடல. அறுபத்தொன்பது. தேறல."

"மாமா, நல்லா பாருங்க. கோட்டையே கிழிச்சிருக்கு."

"அக்கா பொண்ணுன்னு மார்க் போட்டா நாலு பேர் என்ன சொல்வாங்க? என் நேர்மை என்ன ஆகறது?"

நேர்மையை அவர் சொந்தக்காரர்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார். அதை வேறு யாரிடமும் செலவழித்ததாகத் தகவல் இல்லை. அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

துறைப் பத்திரிகைக்குப் படம் எடுக்க வந்தவர் அந்த நேரம் பார்த்து வாயைத் திறந்தார். "ஐயா சுடறப்ப அட்டை பக்கத்துல ஒருத்தர் நின்னா படம் தூக்கலா இருக்கும்."

பெரிய அதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம தொட்டாச்சு எதுக்கு இருக்கான்? எப்பவும் குண்டுக்குப் பயந்து அட்டைக்குக் கீழ குழிக்குள்ளயே பதுங்காம, போய் அட்டையைப் பிடிச்சுக்கிட்டு நில்லுய்யா. நிஜக் குண்டே போடறேன்."

தொட்டாச்சுவின் முகத்தில் ஈயாடவில்லை. "ஐயா... விதிப்படி..."

"என்னய்யா விதி? தொண்ணூத்தாறு போட்டவன் நீதானே?"

மாட்டேன் என்றால் மார்க் பொய்யாகும். சரி என்றால் உயிர் போகும். திடலே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இதுக்குப் போய் ஐயா சிரமப்படணுமா?" என்று இளித்தார். அதிகாரியின் கையிலிருந்த துப்பாக்கியைப் பணிவாக வாங்கினார். தேறவில்லை என்று சற்றுமுன் தானே ஒதுக்கிய அக்கா மகளின் கையில் அதைக் கொடுத்துவிட்டு, அட்டையைப் பிடிக்க விறுவிறுவென்று நடந்தார்.