ஒரே குழாய், இரண்டு விலை

பினாங்குக்கு வந்த ஆண்டு, தைப்பூசத்துக்கு மறுநாள், கீழ்வீட்டு முனியாண்டி அண்ணே, "தம்பி, காடியில ஏறு. எண்ணெய் ஊத்திட்டுப் போயிடுவோம்" என்றார். நான் அவர் தலையைப் பார்த்தேன். அதில் முடியே இல்லை. இங்கே காடி என்றால் கார், எண்ணெய் என்றால் பெட்ரோல் என்பது நிலையத்தில் போய் நின்றபோதுதான் புரிந்தது.

இப்போது அதே நிலையத்தில் வேறொன்று புரியவில்லை. ஒரே குழாய், ஒரே எண்ணெய். அண்ணே அடையாள அட்டையைச் செருகினால் குடிமக்களுக்கான மானிய விலை. வேலை அனுமதியில் இருக்கும் எனக்குச் சந்தை விலை. அதையும் புதன்தோறும் மாற்றி அறிவிக்கிறார்கள். எங்கள் திருச்சியில் நாளை விலை ஏறும் என்று செய்தி வந்தால் ஊரே பங்க் முன்னால் வரிசை கட்டும். காரில் வந்தவரும் மொபெட்டில் வந்தவரும் ஒரே விலையைத் திட்டுவார்கள். திட்டுவதற்குத் துணை இருந்தது. இங்கே புதன்கிழமை மாலை நான் முகம் சுளித்தால் அண்ணே, "என்னப்பா, வயித்து வலியா?" என்கிறார்.

ஆயர் ஈத்தாமிலிருந்து பாலம் கடந்து தினமும் என் பழைய காரில் தொழிற்சாலைக்குப் போகிறேன். பெட்ரோல் விலை ஏறினால், பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் ஹைப்ரிட் கார் கேட்பவர்கள் பெருகுவார்கள் என்று படித்திருக்கிறேன். யாருக்கு ஏறினால் என்று அதில் இல்லை. "எண்ணெய் மலிவா கெடைக்கறப்ப ரெண்டு உசுரு காடி எனக்கெதுக்குலா?" என்கிறார் அண்ணே. எனக்கு அது லாபம்தான். ஆனால் அந்தக் காருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் விலை பெட்ரோலில் மிச்சமாகித் திரும்பப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் ஊர் திரும்பினால் நட்டம். குடியுரிமை கிடைத்துவிட்டாலோ அந்தக் காருக்கே அவசியமில்லை. ஆக, நான் இங்கே நெடுங்காலம் இருக்கவேண்டும், அயலானாகவும் இருக்கவேண்டும். எந்தப் பக்கமாகக் கூட்டிப் பார்த்தாலும் விடை அதுதான்.

"பாப்பாவை ஆறாவது ஊர்ல சேர்க்கணும்னீங்க. கார் வாங்கினா அது நடக்குமா?" என்றாள் மனைவி கோமதி. பார்க்கத்தானே போகிறோம் என்று புக்கிட் மெர்தாஜாமில் உள்ள விற்பனையகத்துக்கு அழைத்துப் போனேன். மலாய் தெரிந்த துணையாக அண்ணேயும் வந்தார்.

விற்பனைப் பெண், "பெராப்பா லாமா லாகி டூடோக் சினி?" என்றாள். டூடோக் என்றால் உட்காருவது என்று தெரியும். இன்னும் எவ்வளவு நேரம் இங்கே உட்காருவேன் என்கிறாள். நாற்காலி வேறு யாருக்கோ வேண்டும்போல என்று பாதி எழுந்து, "செகெஜாப்" என்றேன். கொஞ்ச நேரம்தான். அவள் முகம் வாடிவிட்டது.

அண்ணே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அட தம்பி, நாற்காலிய கேக்கலலா! டூடோக்னா குடியிருக்கறதும்தான். இன்னும் எத்தன வருசம் இந்த நாட்டுல இருப்பீங்கன்னு கேக்குது. பேங்க்ல கடன் கொடுக்கணும்ல!"

கோமதி என்னைப் பார்த்தாள். நான் எழவும் இல்லை, உட்காரவும் இல்லை. "ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

முதல் சிக்னலில் கார் நின்றது. இன்ஜின் சத்தம் சட்டென்று அடங்கியது. பின்னாலிருந்து கோமதி கேட்டாள்: "என்னங்க, ஓடுதா, நின்னுடுச்சா?"

பச்சை விழுந்தது. சத்தமே இல்லாமல் கார் நகர்ந்தது.